வகிட்டு நரைக்குப் பாக்கெட் டை போதும்: சில வருட அனுபவம்

முப்பத்தைந்து தாண்டியதுமே எனக்கு வகிட்டிலும் காதோரத்திலும் நரைத்துவிட்டது, அம்மா வழி அப்படி. பார்லருக்குப் போய் மாதாமாதம் கொடுக்கக் கட்டுப்படியாகாது என்பதால் ஆரம்பத்திலிருந்தே வீட்டில்தான் டை அடிக்கிறேன். தண்ணீரில் கலக்கும் பவுடர், எண்ணெய் மாதிரி பாட்டிலில் வருவது, பெரிய டப்பா க்ரீம் என்று எல்லாம் பார்த்தாச்சு. இப்போது சில வருடங்களாக கோத்ரெஜ் எக்ஸ்பர்ட் ரிச் க்ரீம் பாக்கெட்தான், அதிலும் டார்க் பிரௌன்.

ஏன் பாக்கெட் என்றால், நரை தெரிவது வேரில்தான். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளரும், நீங்கள் எவ்வளவு விலை உயர்ந்த டை போட்டாலும் நாலாவது வாரம் வகிட்டில் வெள்ளைக் கோடு வந்தே தீரும். அதனால் டப்பா என்ன விலை என்று பார்ப்பதைவிட மாதம் எவ்வளவு ஆகிறது என்று பார்ப்பதுதான் சரி. இந்தப் பாக்கெட்டில் 20 கிராம் க்ரீமும், அதோடு கலந்து நிறம் பிடிக்க வைக்கும் டெவலப்பர் 20 மில்லியும் இருக்கும், 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும், வகிடு, நெற்றியோரம், காதோரம் மூன்றுக்கும் தாராளமாக வரும். கலந்துவிட்டால் மிச்சம் வைக்க முடியாது, அப்போதே வேலை செய்ய ஆரம்பித்துவிடும். பெரிய டப்பாவில் பாதி வீணாவது அப்படித்தான்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நரைத்தவர்கள் எல்லாரும் முதலில் கை வைப்பது கறுப்பில். கன்னங்கரேலென்று அடித்தால் முதல் வாரம் தலையில் தொப்பி வைத்த மாதிரி தனியாகத் தெரியும், அப்புறம் வேர் வளரும்போது அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை இன்னும் பளிச்சென்று தெரியும். டார்க் பிரௌன் நம் முடியில் வீட்டுக்குள் கறுப்பாகவே தெரிகிறது, வெயிலில் மட்டும் லேசாகப் பழுப்பு. கோடு விழுவதும் அவ்வளவாகக் கண்ணில் படாது. எங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர், அதனால் மூன்றாவது வாரத்தில் கொஞ்சம் செம்மை தட்டும், அதற்கு நான் கவலைப்படுவதில்லை.

அடிக்கும் முறை: முந்தின நாள் ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல் விட்டுவிடுவேன். நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை பிடிக்காது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலந்து, கையுறை போட்டு, முதலில் காதோரம். அங்கே நரைமுடி கம்பி மாதிரி முரடாக இருக்கும், நிறம் சீக்கிரம் ஏறாது, அதற்குத்தான் அதிக நேரம் கிடைக்க வேண்டும். வகிடு கடைசியில். அரைமணி நேரம் கழித்துத் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசினால் போதும். ஒவ்வொரு முறையும் நுனிவரை இழுக்காதீர்கள், திரும்பத் திரும்பப் பட்டால் நல்ல முடியும் வறண்டு செம்பட்டையாகிவிடும்.

அடுத்தது அலர்ஜி, இதைத் தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள். என் நாத்தனார் 'கறுப்பு மருதாணி' என்று விற்கும் ஒரு பவுடரை வருடக்கணக்கில் போட்டவர், ஒருநாள் காலையில் எழுந்தபோது இரண்டு இமையும் வீங்கிக் கண்ணே திறக்க முடியவில்லை, நெற்றியெல்லாம் அரிப்பு. தோல் டாக்டர் பாக்கெட்டின் பின்பக்கம் படித்துக் காட்டினார்: பாராபினைலீன்டயமின், பி.பி.டி. முன்பக்கம் மருதாணி இலை படம் இருந்தாலும் உள்ளே கறுப்பைத் தருவது அதுதான். 'அமோனியா இல்லை' என்று போட்டிருந்தாலும் இது இருக்கலாம், அது வேறு, இது வேறு. பல வருடம் ஒத்துக்கொண்டது திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகும், ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் அந்தப் பக்கமே போகக்கூடாது. ஆகவே பழகிய டையாக இருந்தாலும் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டே அடியுங்கள். பாட்டிலில் வருவதை வாங்கினால் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், உள்ளே போனால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும், உயிருக்கே ஆபத்து.

நாத்தனார் இப்போது வெறும் மருதாணியும் அவுரியும்தான் (அவுரி என்பது நீலச் சாயம் தரும் செடி). மருதாணி மட்டும் போட்டால் நரை ஆரஞ்சாக நிற்கும். அதை அலசிய பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலையில் பூசிவிட வேண்டும். அலசியதும் ஒரு மாதிரி இருக்கும், மறுநாள்தான் கறுக்கும். திண்டிவனம் பக்கம் விளைகிற பயிர்தான், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், செலவும் அதிகமில்லை. ஆனால் அரைநாள் போய்விடும், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு மட்டும்தான் வழி.

பாக்கெட்டில் எனக்கு இருக்கும் ஒரே குறை, உள்ளே வரும் கையுறை மெலிசு, கிழிந்தால் நகத்தில் கறை ஒரு வாரம் போகாது, தனியாக ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். இடுப்புவரை முடி இருந்து முதல்முறை முழுக்க அடிப்பவர்களுக்கு மட்டும் பெரிய டப்பா கணக்குக்கு வரும், அடுத்த மாதத்திலிருந்து பாக்கெட்டுக்கு வந்துவிடலாம்.