கிளிநொச்சியில பிள்ளைக்குச் சங்கீத வகுப்புத் தேடுறாக்களுக்கு, ஒரு வருசம் விட்டுப் பாத்திட்டு எழுதுறன்

மகளுக்கு 8 வயசு. போன விஜயதசமியில இருந்து உருத்திரபுரப் பக்கம் ஒரு ரீச்சரிட்டச் சங்கீதத்துக்கு விடுறம். பேர் போடவேண்டாம் எண்டு அவா சொன்னபடியாப் போடேல்ல, அந்தப் பக்கம் சங்கீத ரீச்சர் வீடு எண்டு கேட்டா ஆரும் காட்டுவினம். கனபேர் மெசேஜ் போட்டுக் கேக்கிறியள், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிய எழுத நேரமில்லை, அதான் எல்லாத்தையும் ஒண்டா எழுதுறன், கொஞ்சம் நீளும்.

இதுக்கு முதல் ரவுணுக்குள்ள வேற ஒரு இடத்தில விட்டனாங்கள். ஏசி, கலர் லைற், சுவர் முழுக்கப் பிள்ளையள் மைக்கோட நிக்கிற படம். ரெண்டாவது கிழமையே பிள்ளையின்ர கையில மைக்கைக் குடுத்து கரோக்கியைப் போட்டு விட்டினம். எனக்கும் அப்ப சந்தோசமாத்தான் இருந்தது, போன்ல வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினனான். ஆனா அது ஒரு ஆம்பிளை பாடின பாட்டு, கரோக்கி அவற்ற சுருதியிலதான் இருக்கும், அந்த இடத்திலயே பாடினா பிள்ளைக்குக் கீழ் ஸ்வரத்தில சத்தமே வராது, ஒரு ஸ்தாயி மேல தூக்கிப் பாடினா கத்தத்தான் வேணும். அவள் கத்தினாள். அவையும் இன்னும் சத்தமா, இன்னும் சத்தமா எண்டுதான் சொன்னவை. மூண்டு மாசத்தில தொண்டை அடைச்சு, கதைக்கிற சத்தமே கரகரத்துப் போச்சு, டொக்டர் ஒரு மாசம் பாட விடவேண்டாம் எண்டிட்டார்.

அதுக்கிடையில பக்கேஜ் எண்டு ஒண்டு சொன்னவை. ஒரு பாட்டு ரெக்கோடிங், ஒரு வீடியோ, யூரியூப்பில போடுறது, பிறகு இந்தியாவில ரிவி ஒடிசனுக்கு வழி காட்டுறது, எல்லாம் சேத்து 45,000 ரூபா. கனடாவில இருக்கிற என்ர அண்ணா உடன அனுப்புறன் எண்டவர். 2023 இல எங்கட யாழ்ப்பாணத்துப் பிள்ளை கில்மிஷா இந்தியாவில சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் எண்ட ரிவிப் பாட்டுப் போட்டியில வெண்டபோது எங்கட வீட்டில அழாத ஆள் இல்லை, அந்தப் பிள்ளையின்ர உழைப்பையும் குரலையும் நான் ஒரு சொல்லும் குறைச்சுச் சொல்லமாட்டன். ஆனா அதுக்குப் பிறகு எங்கட பக்கத்தில அஞ்சு வயசுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாலும் "எந்தப் போட்டிக்கு?" எண்டுதான் முதல் கேள்வி வருது. பிள்ளைக்கு என்ன பிடிக்கும், என்ன பாட வரும் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல.

இப்ப போற இடத்தில முதல் நாள் நடந்ததைச் சொல்லுறன். ரீச்சர் பிள்ளையைப் பக்கத்தில இருத்தி, ஒரு பாட்டும் பாடச் சொல்லேல்ல. சுருதிப்பெட்டியைப் போட்டு "ஆ" எண்டு இழுக்கச் சொல்லி, கூட்டிக் குறைச்சு, கூட்டிக் குறைச்சு, ஒரு அரை மணித்தியாலம் அதுதான். கடைசியா அஞ்சரைக் கட்டையில (கட்டை எண்டா சுருதியின்ர உயரத்துக்குச் சொல்லுற கணக்கு) வந்து நிண்டது. "இதுதான் இப்ப உன்ர சுருதி, ஆருக்காகவும் மாத்தாத" எண்டு பிள்ளையிட்டச் சொன்னவா. எனக்கு அந்த இடத்திலயே மனசு நிறைஞ்சு போச்சு.

பிறகு நாலு மாசம் சரளி வரிசை, அதாவது ச ரி க ம எண்டு தொடங்கிற முதல் பயிற்சி மட்டும். ஓம், நாலு மாசம். ஏன் எல்லாரும் மாயாமாளவகௌளை ராகத்தில தொடங்கினம் எண்டு சின்னனில பழகின எனக்கே தெரியாது, ரீச்சர் விளங்கப்படுத்தினவா. ச வும் ரி யும் கிட்டக் கிட்ட, ரி யும் க வும் தூரம், அதே கணக்கு மேல ப வுக்கும் த வுக்கும், த வுக்கும் நி க்கும். கீழ பழகினதைப் பிள்ளையின்ர காது மேல தானாப் பிடிச்சிடும். ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு மூண்டு விரல், பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு, எட்டு. கை ஒரே வேகத்தில போகவேணும், வாய் மட்டும் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், ரெண்டு, நாலு எண்டு கூடவேணும். மூண்டு காலமும், அதாவது மூண்டு வேகமும், கை தடுமாறாமப் பாடினாத்தான் அடுத்த வரிசைக்கு விடுவா. என்ர மகள் மூண்டாங் காலத்தில கையையும் சேத்து ஓட்டிக்கொண்டு போவாள், அதைத் திருத்தவே ஆறு கிழமை எடுத்தது, ஒருநாளும் ஏசினதில்லை.

கீபோட் இல்லாத வகுப்பு. ஏன் எண்டு கேட்டனான். ஒரு கட்டையில இருந்து மற்றக் கட்டைக்கு அது பாஞ்சு போகும், எங்கட கமகம், அதாவது ஸ்வரத்தை அசைச்சுப் பாடுறது, அந்த ரெண்டுக்கும் இடையிலதான் இருக்கு, பிள்ளையின்ர காது முதல்ல அந்த இடைவெளியைக் கேட்டுப் பழகட்டும், பிறகு எந்த வாத்தியமும் படிக்கலாம் எண்டா. அவா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர மருதனார்மடம் இராமநாதன் நுண்கலையில படிச்சவா, பள்ளிக்கூடத்தில படிப்பிச்சுப்போட்டுப் பின்னேரம்தான் வகுப்பு.

மேடை இல்லையோ எண்டு கேக்கிறவைக்கு: இருக்கு, ஆனா கோயில்ல. மார்கழித் திருவெம்பாவைக்கு விடிய நாலு மணிக்கு எழும்பி, குளிருக்குள்ள தலையில துவாயைக் கட்டிக்கொண்டு பத்து நாளும் போனவள். மைக் இல்லை, சங்கும் சேமக்கலமும் பிள்ளையளின்ர குரலும்தான். இப்ப வெள்ளிக்கிழமையில முறை வச்சுப் பஞ்சபுராணம் பாடுதுகள், அஞ்சும் அஞ்சு பிள்ளையள். தேவாரத்தைப் பண்ணோட பழக்கிறா, நட்டபாடைப் பண் எண்டா கம்பீரநாட்டை ராகம் எண்டு மகள் எனக்குப் பாடம் எடுக்கிறாள். தொண்டை அடைச்ச பிள்ளை இப்ப கோயில் முழுக்கக் கேக்கப் பாடுறாள், கத்தாமல்.

2008 இல எனக்கு 12 வயசு. சரளிக்குப் பிறகு வாற ஜண்டை வரிசை முடிச்சு, அலங்காரம் எண்ட தாளப் பயிற்சி தொடங்கின நேரம் சண்டையால இடம்பெயர்ந்தம், என்ர சங்கீதக் கொப்பி, எங்கட ரீச்சரின்ர வயலின், ஒண்டும் திரும்பி வரேல்ல. வகுப்பு வாசல்ல குந்தியிருக்கிறபோது உள்ள அலங்காரம் கேட்டா நானும் தொடையில தாளம் போட்டுக்கொண்டுதான் இருப்பன், ரீச்சர் அதைக் கண்டிட்டு அம்மாவும் உள்ள வந்து இருங்கோ எண்டவா. இப்ப நானும் படிக்கிறன், எனக்குக் காசு எடுக்கிறா இல்லை.

குறையளையும் சொல்லவேணும். 14 பிள்ளையள், எல்லாத் தரமும் ஒண்டா, ஒண்டரை மணித்தியால வகுப்பில உங்கட பிள்ளைக்குத் தனிய எண்டு பத்து நிமிசம் கிடைச்சாப் பெரிசு. விறாந்தையில பான் ஒண்டுதான், கறண்ட் போனா அதுவும் இல்லை, நுளம்பு கனக்க. மிருதங்கம் வாசிக்க ஆள் இல்லை, லயம் வடிவாப் பழகவேணும் எண்டா வேற இடமும் பாக்கவேணும். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு அனுப்புறா, ஆனா பிள்ளை தயார் எண்டு தனக்குப் பட்டாத்தான். இதால ஒரு அம்மா பிள்ளையை நிப்பாட்டிப்போட்டுப் போனவா, அவாவிலயும் நியாயம் இருக்கு, சேர்ட்டிபிக்கற் இல்லாமல் நாளைக்கு ஆர் மதிப்பினம். இராமநாதனில பட்டம் எடுத்த பிள்ளையளே பள்ளிக்கூட நியமனம் வருமோ எண்டு பாத்துக்கொண்டு, கலியாண வீட்டு நிகழ்ச்சியில சினிமாப் பாட்டுப் பாடித்தான் செலவைப் பாக்குதுகள். பாடிப் பிழைக்கிறதில ஒரு பிழையும் இல்லை. குரல் பழுக்க முதல் ஏழு வயசில அந்தச் சந்தைக்குத் தள்ளுறதுதான் எனக்கு வயிறு எரியுது, உடைஞ்ச குரலுக்கு அவை ஒருத்தரும் பதில் சொல்லமாட்டினம்.

மாசம் 1500 ரூபா. பரீட்சைக் கட்டணம் வேற. கனபேர் மாசக்கணக்காக் குடுக்கிறேல்ல எண்டு எனக்குத் தெரியும், ரீச்சர் கேக்கவும் மாட்டா. ஏஎல் ரியூசனுக்கு முதலாந் திகதியே கட்டுறம், இதுக்கும் கட்டுங்கோ தயவு செய்து.

வெளிநாட்டில இருந்து ஒன்லைன்ல எடுக்கேலுமோ எண்டு ரெண்டு மூண்டு பேர் கேட்டவை, எடுக்கமாட்டா, பக்கத்தில இருந்து கேட்டாத்தான் சுருதி விலகிறது பிடிபடும் எண்டுறா. புதுப் பிள்ளையளை விஜயதசமிக்குத்தான் சேக்கிறா, ஆறு வயசுக்கு மேல. முதல் நாள் வெத்திலை பாக்கும் ஒரு கொப்பியும் காணும், மைக் ஸ்பீக்கர் ஒண்டும் வாங்காதேங்கோ. சனி ஞாயிறு பின்னேரம் மூண்டு மணிக்கு வகுப்பு, கோயில் திருவிழா நாளில இல்லை, வட்ஸ்அப்பில முதல் நாளே சொல்லுவா. மாரிக்கு வாய்க்கால் ரோட்டில தண்ணி நிக்கும், சைக்கிள்ல பிள்ளையை ஏத்திக்கொண்டு வாறாக்கள் மெயின் ரோட்டால சுத்தி வாங்கோ.