செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் கேட்டுப் போய், பைக்கால் வாங்கி வந்தேன்

என் முதல் ரேஞ்ச், அதாவது சுட்டுப் பழகும் இடம், கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாசி மகத்துக்குப் போடும் பலூன் கடைதான். கடைக்காரர் துப்பாக்கியில் குறிபார்க்கும் சைட் ஒரு பக்கம் இழுக்கும் என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மூன்று திருவிழா ஆனது, அதற்கப்புறம் பலூனுக்கு ரெண்டு விரல்கடை இடதுபக்கம் தள்ளிக் குறிவைத்து வரிசையாக உடைப்பேன், அவர் முறைப்பார். அதோடு சரி. பிறகு படிப்பு, வேலை, வீட்டுக் கடன். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் ஒரே ஒலிம்பிக்கில் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் எடுத்தபோது டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு நாற்பது வயது. "எளவேனில் வாலறிவன் நம்ம கடலூரில் பிறந்த பொண்ணுதானே, ஊர்ராசி உனக்கும் இருக்கும், போய்ப் பாரேன்" என்று மனைவி விளையாட்டாகச் சொன்னாள். எளவேனில் வளர்ந்தது குஜராத்தில், சுடுவது ரைபிள், ஆனால் அதையெல்லாம் நான் திருத்தப் போகவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு, அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும், அந்த மாதிரி. விலையும் கைக்கு அடங்க வேண்டும். இந்த இரண்டு ஆசையும் நம் ஊரில் ஒன்றாகப் போகாது என்பதை விசாரிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன்.

நிஜத் துப்பாக்கி என்றால் 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் வந்துவிடும். கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, எதற்கு வேண்டும் என்ற கேள்வி. 9 எம்எம் குழல் அளவு சாதாரண ஆளுக்குக் கிடையவே கிடையாது, தடை செய்யப்பட்ட ரகம். கிடைப்பதில் .32 அங்குல அரசுத் தொழிற்சாலை பிஸ்டல் இருக்கிறது, அஷானி என்று பெயர், செமி ஆட்டோமேட்டிக்தான், ஆனால் அது தற்காப்புக்கு இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டிய சாமான். குட்டைக் குழல். அதை வைத்துக்கொண்டு வட்டம் வட்டமாகப் போட்ட அட்டையில் பழகுவது, காய் நறுக்க அரிவாள் எடுப்பது போல. போட்டிக்கென்றே செய்த .22 செமி ஆட்டோ எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. லைசென்ஸும் வேண்டும், பணமும் வேண்டும், தோட்டா வாங்க ஒவ்வொரு முறையும் கணக்குக் காட்ட வேண்டும்.

மிச்சமிருப்பது ஏர் பிஸ்டல், காற்றழுத்தத்தில் ரவை என்கிற சின்ன ஈயக் குண்டைத் தள்ளுவது. 2016ஆம் வருட விதிகளின்படி குழல் அகலம் .177 அங்குலத்துக்குள்ளும் (4.5 மில்லிமீட்டர்) ரவை வெளியேறும் சக்தி 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். பத்து மீட்டர் போட்டி பிஸ்டல் அரை கிராம் ரவையை நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது, கணக்குப் போட்டால் ஆறு ஜூல் பக்கம்தான் வரும். வரம்பில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

சரி, ஏர் பிஸ்டலிலேயே செமி ஆட்டோ இல்லையா என்றால் இருக்கிறது. சின்ன கார்பன் டை ஆக்ஸைடு குப்பி போட்டு ஸ்டீல் குண்டு சுடும் ரகம். நெல்லிக்குப்பத்து நண்பன் ஒருவன் அதைத்தான் வாங்கச் சொன்னான், "மாப்ளே, ஸ்லைடு கூட பின்னாடி போய் வரும்டா, நிஜம் மாதிரியே இருக்கும்" என்றான். நிஜம் மாதிரி இருப்பதுதான் அதன் ஒரே குணம். வேகமாகச் சுட்டால் வாயு குளிர்ந்து வேகம் குறையும், குண்டு கீழே இறங்கும். ஸ்டீல் குண்டு கெட்டியான பரப்பில் பட்டால் திரும்பி வரும், கண்ணுக்கு ஆபத்து, அதனால் பத்து மீட்டர் ரேஞ்சுக்குள் அதற்கு இடமில்லை. ஒழுங்கான ஐந்து ரவை செமி ஆட்டோ ஏர் பிஸ்டல் என்றால் ஸ்டெயர் எல்பி50 மாதிரி ஒன்று வாங்கலாம். வாங்குகிறவர்கள் வாங்கலாம். நான் மாதச் சம்பளக்காரன்.

இந்த இடத்தில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ரேஞ்சுக்கு ஒருநாள் கூடப் போகாமல், ஒரு கடையில் ஸ்பிரிங் வைத்த பிஸ்டல் ஒன்றை ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் "சார், இது சாம்பியன் மாடல்" என்றார். எந்த சாம்பியன் என்று நானும் கேட்கவில்லை. ஸ்பிரிங் பிஸ்டலில் என்ன சிக்கல் என்றால், விசையை விட்டதும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னே பாய்ந்து நிற்கிறது, அந்த உதறல் ரவை குழலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அதாவது நான் சரியாகப் பிடித்தாலும் துப்பாக்கி தன் இஷ்டத்துக்குக் குதித்துவிட்டுத்தான் ரவையை விடும். விசையோ மாட்டுவண்டி பிரேக் மாதிரி. மொட்டை மாடியில் சாக்குக்குப் பின்னால் பலகை வைத்து ஒரு மாதம் சுட்டேன், குரூப், அதாவது ஓட்டைகள் சிதறிய அகலம், ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குக் குறையவே இல்லை. தப்பு என்னுடையதா அதனுடையதா என்று தெரியாது, அதுதான் மோசம். இப்போது அது பீரோ மேல் கிடக்கிறது.

அப்புறம்தான் பாண்டியில் ஒரு ரேஞ்சில் சேர்ந்தேன். கடலூர்க்காரன் பாண்டிக்குப் போனால் பெட்ரோல் மலிவு, இன்னொன்றும் மலிவு, பிஸ்டல் மட்டும் எங்கேயும் மலிவில்லை. கோச் முதல் நாளே சொன்னது: "வாங்காதீங்க. மூணு மாசம் இங்க இருக்கிறத எடுத்துச் சுடுங்க. உங்க கை என்ன கேக்குதுன்னு அப்பதான் தெரியும்." பீரோ மேல் இருப்பதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அந்த மூன்று மாதத்தில் நான்கு பிஸ்டல் கைமாறியது. டார்கெட் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: கருப்பு வட்டம் மொத்தமும் 59.5 மில்லிமீட்டர், டீக்கு முக்கும் மேரி பிஸ்கட் அளவு. பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான்தான். பத்து மீட்டருக்கு அந்தப் பக்கம், ஒற்றைக் கையில், மறு கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு. கண் பார்க்க வேண்டியது குழல் நுனியில் இருக்கும் முன்சைட்டை, வட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும், வட்டத்துக்கு அடியில் கொஞ்சம் வெள்ளை விட்டுப் பிடிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் நான் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பலூன் கடைப் பழக்கம்.

சிலிண்டரில் காற்று அடைத்த ரகங்களை முதலில் சொல்கிறேன். ஹெம்மர்லி ஏபி20, ஆரம்பக்காரர்களுக்கென்றே செய்தது. ஒரு கிலோவுக்கும் கீழே எடை, உதறல் என்பதே இல்லை, விசை தொட்டாலே விட்டுவிடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை வைத்து ஒன்பதும் பத்துமாகப் போட்டார்கள். எனக்குக் கொஞ்சம் லேசாகத் தோன்றியது, என் கை நடுக்கம் அப்படியே முன்சைட்டில் தெரிந்தது, ஆனால் மணிக்கட்டு மெலிந்தவர்களுக்கு இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. அடுத்தது ஸ்டெயர் எல்பி10, சீனியர் ஒருவருடையது, ஐந்து ரவை சுடக் கொடுத்தார். ஐந்தோடு வாங்கிக்கொண்டது நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் பேங்குக்குப் போயிருப்பேன். மூன்றாவது மொரினி, அதன் எலக்ட்ரானிக் விசையும் அப்படித்தான், அழுத்தினோமா நினைத்தோமா என்று சந்தேகம் வரும்.

சிலிண்டர் ரகத்தில் எனக்கு இடித்தது துப்பாக்கி அல்ல, காற்று. 200 பார் அழுத்தம் வேண்டும். நிரப்பப் பெரிய சிலிண்டர் வேண்டும் அல்லது கைப்பம்பு. கடலோரக் காற்றைக் கைப்பம்பில் அடித்தால் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும், ஈரம் போனால் உள்ளே துரு. பாண்டியில் கடலுக்குள் முங்கும் டைவிங் ஆட்களிடம் காய்ந்த காற்று நிரப்பும் கம்ப்ரஸர் இருக்கும், ஒருவரைப் பழக்கம் பிடித்துக்கொண்டால் கவலையில்லை, எனக்கு அப்படி ஆள் இல்லை. சிலிண்டருக்கு ஆயுளும் உண்டு, பொதுவாகப் பத்து வருடம், தேதி மேலேயே அடித்திருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் குழலைப் பார்க்குமுன் அந்தத் தேதியைப் பாருங்கள். காலாவதியானதைப் போட்டிக்குக் கொண்டுபோனால் சோதனை மேஜையிலேயே நிறுத்திவிடலாம்.

நான்காவதாகக் கைக்கு வந்தது பைக்கால் ஐஇசட்எச் 46எம். ரஷ்யாவின் இஷெவ்ஸ்க்கில் செய்தது, கலாஷ்னிகோவ் துப்பாக்கி வரும் அதே ஊர். பார்த்தால் தையல் மெஷின் உதிரிபாகம் மாதிரி இருக்கும். அடியில் நீளமாக ஒரு லீவர், அதை முன்னே முழுக்க இழுத்துத் திரும்ப மூடினால் ஒரு சூட்டுக்கு வேண்டிய காற்று உள்ளே அழுந்தி நிற்கும். சிலிண்டர் இல்லை, ஸ்பிரிங் பாய்ச்சல் இல்லை, அதனால் உதறலும் இல்லை. 1.3 கிலோ. கல்லூரி சேர்ந்து சென்னைக்குப் போகும் ஒரு தம்பி விற்றுக்கொண்டிருந்தான். "அண்ணே, பழசுதான், ஆனா பொய் சொல்லாது" என்றான். 45,000 ரூபாய்க்கு முடித்தோம், இரண்டு டப்பா ரவையும் ஒரு முன்சைட் செட்டும் சேர்த்து.

எட்டு மாதம் சுட்டபின் எழுதுகிறேன். முதலில் குறை. முன்பக்கம் கனம், நாற்பதாவது ரவைக்கு மேல் தோள்பட்டை பேச ஆரம்பிக்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் லீவர் அடிக்க வேண்டும் என்பதால் பிடித்த பிடியை விட்டு மறுபடி பிடிக்க வேண்டும், சிலிண்டர்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. எலக்ட்ரானிக் டார்கெட்டில் 60 சூட்டுக்கு 75 நிமிடம், நேரம் போதுகிறது, ஆனால் சட்டை நனைந்துவிடும். புதிதாகக் கிடைப்பது இப்போது அரிது, யாராவது விற்றால்தான் உண்டு. வலக்கை, இடக்கை கைப்பிடி வேறு வேறு, இடக்கைக்காரர்கள் தேடி அலைய வேண்டும்.

இனி நான் ஏன் இதை விடமாட்டேன் என்பது. விசையை நன்றாகத் திருத்தி வைக்கலாம். விதிப்படி குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும், விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். என்னுடையதை 520 பக்கம் வைத்திருக்கிறேன். லீவர் அடிக்காமல் மேல் மூடியை மட்டும் திறந்து மூடினால் விசை ஏறிக்கொள்ளும், ரவையும் இல்லை காற்றும் இல்லை, வெறும் டிக். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வெள்ளைச் சுவரைப் பார்த்து நாற்பது டிக் அடிப்பேன். சுவரில் வட்டம் கிடையாது, அதனால் முன்சைட் அசைவது அப்பட்டமாகத் தெரியும். ரேஞ்சில் சுட்டதைவிட இந்தச் சுவர்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது, செலவு சுண்ணாம்பு விலை கூட இல்லை.

கைப்பிடி வால்நட் மரம், அடியில் உள்ளங்கைத் தாங்கு மேலும் கீழும் நகரும். எனக்குக் கட்டைவிரல் அடியில் இடித்தது. மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஆசாரியிடம் கைப்பிடியை மட்டும் கழற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். "இது எதுக்கு சார்?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார், சொன்னதும் வேலையை விட்டுவிட்டு என் கையை வாங்கி அளவு பார்த்தார். உளியைத் தொடவே இல்லை, மணல்தாள்தான். கொஞ்சம் தேய்ப்பது, பிடித்துப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. குறைந்த இடத்தில் மரவேலைப் பட்டி (புட்டிப் பசை) வைத்து மெத்தினார். ஒரு மணி நேரம், இருநூறு ரூபாய். அடுத்த வாரம் என் எட்டுகளில் பாதி ஒன்பதாகியிருந்தன. முதல் பிஸ்டல் வாங்குகிறவர்கள் எந்தக் கம்பெனி என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பதில் கைப்பிடியையும் விசையையும் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. உப்புக்காற்று, கை வியர்வை, இரண்டும் இரும்புக்கு ஆகாது, சுட்டு முடித்ததும் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு வைக்கிறேன். ரவை ஈயம், சுட்டுவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடக் கூடாது.

ஒருநாள் பாண்டியிலிருந்து திரும்பும்போது முள்ளோடை தாண்டி பஸ்ஸில் சோதனைக்கு ஏறிய காவலர் என் மடியில் இருந்த பெட்டியைத் தட்டி, "எத்தனை பாட்டில்?" என்றார். திறந்தால் பிஸ்டல். பக்கத்து சீட்டு பாட்டி "ஐயோ சாமி" என்று எழுந்துவிட்டார். பில் நகல், ரேஞ்ச் அடையாள அட்டை, குழலில் அடித்திருக்கும் 4.5 எல்லாம் காட்டினேன், பொறுமையாகப் படித்துவிட்டு, "பாட்டில் இல்லைல்ல?" என்று கேட்டு இறங்கிப் போனார். பில் இல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள், செகண்ட் ஹேண்ட் என்றால் விற்றவரிடம் பழைய பில்லோடு ஒரு கடிதமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செமி ஆட்டோ ஆசை என்னவாயிற்று? போன மாதம் கோச் பக்கத்தில் நின்று ரேஞ்சின் .22ஐக் கொடுத்தார், 25 மீட்டர், ஐந்து தோட்டா. முதல் தோட்டா நன்றாகப் போனது. அடுத்த நான்கும் எப்போது போயின என்றே எனக்குத் தெரியாது, விரல் ஓடிக்கொண்டே இருந்தது, அட்டையில் இரண்டு ஓட்டைதான். "லீவர் இல்லைன்னா உங்களுக்கு பிரேக் இல்ல சார்" என்று சிரித்தார் கோச்.

இப்போது என் 60 சூட்டுக் கணக்கு 600க்கு 512 வரை வந்திருக்கிறது. 540 வந்த பிறகு .22 பற்றிப் பேசலாம் என்கிறார். வீட்டில் பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்றால் ஏபி20 பாருங்கள். என்னைப் போல நாற்பதில் தொடங்குகிறவர், காற்று நிரப்ப வசதி இல்லாதவர் என்றால் பைக்கால் எங்காவது விலைக்கு வருகிறதா என்று காதைத் திறந்து வையுங்கள். ஆறாயிரத்துக்கு ஸ்பிரிங் பிஸ்டல் வேண்டுமென்றால் என் பீரோ மேல் ஒன்று இருக்கிறது, சும்மாவே எடுத்துக்கொண்டு போகலாம்.