தொட்டியில் புழு தெரிந்ததும் மருந்தை நீட்டும் கடைக்காரரிடம் உஷார்

உப்புநீர் மீன்தொட்டியில் லைவ் ராக், அதாவது நுண்ணுயிர்களும் சிறு உயிர்களும் குடியிருக்கும் கடல் பாறை, வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். என் தொட்டியில் இரவில் பாறை இடுக்கிலிருந்து இளஞ்சிவப்பு நிறப் புழு ஒன்று தலை காட்டியது, இரு பக்கமும் வெள்ளை முட்கள். மங்கலான படத்தைப் பார்த்த கடைக்காரர் ஒரு கேள்விகூடக் கேட்காமல், "ஃபயர் வார்ம் சார், விட்டா பவளத்தையெல்லாம் தின்னுரும்" என்று ஒரு பாட்டிலை விற்றுவிட்டார். லேபிளில் மருந்தின் பெயரே இல்லை. அவர் சொன்ன அளவில் ஊற்றியதற்கே மறுநாள் நத்தைகள் கவிழ்ந்து கிடந்தன, ஃபெதர் டஸ்டர்கள் (இறகுக் கொத்து போன்ற குழாய்ப்புழுக்கள்) குழாயை விட்டு வெளியே விழுந்திருந்தன, அம்மோனியா ஏறியிருந்தது. கேட்டால், "உங்க தண்ணியே சரியில்ல" என்கிறார். உள்ளே என்ன மருந்து என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

அது சாதாரண பிரிசில் வார்ம். மிச்சத் தீனியையும் செத்ததையும் தின்று பாறையைச் சுத்தம் செய்கிற புழு. பவளத்தைத் தின்னும் ஃபயர் வார்ம், அதாவது ஹெர்மோடிஸ் காருங்குலாட்டா, பெரும்பாலும் அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் உயிரி. அதற்குத் தலைமேல் மடிப்பு மடிப்பான சதை இருக்கும்; கணுவுக்குக் கணு சிவந்த செவுள் கொத்துகள் இருக்கும்; தொட்டால் வெள்ளை முட்கள் கொத்தாக விரியும். எனவே சிவப்பு வெளிச்சத்தில் தலைப்பகுதியைத் தெளிவாகப் படம் எடுங்கள். வாலை மட்டும் பார்த்துப் பெயர் சொல்பவரை நம்ப வேண்டாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது தலையில் ஐந்து உணர்கொம்புகளும் உடம்பில் வானவில் மினுமினுப்பும் உள்ள யூனிசிட் வகைப் புழு. அதை அறுத்து எடுக்கக் கூடாது, துண்டு மறுபடி வளரக்கூடும். பாறையோடு வெளியே எடுங்கள். மணலில் வெள்ளை நூல்களை நீட்டுவது ஸ்பெகட்டி வார்ம், கண்ணாடியில் பொட்டுப் பொட்டாகச் சுருண்ட வெள்ளைக் குழாய் ஸ்பைரோர்பிட். இரண்டாலும் கெடுதல் இல்லை. கெட்டியான குழாயிலிருந்து சளி வலை வீசினால் அது வெர்மெட்டிட், புழுவே அல்ல, நத்தை. குழாயை உடைத்து, வாயை சூப்பர் க்ளூ ஜெல்லால் அடைத்தால் போதும்.

புழு மருந்துகளில் ஃபென்பெண்டசோல் வகைக்கு நல்ல புழு, கெட்ட புழு தெரியாது. பாறைக்குள் நம் கை எட்டாத இடத்தில் செத்த புழுக்கள் அழுகித்தான் அம்மோனியா ஏறுகிறது. மருந்தும் பாறையில் ஊறிவிடுவதால் பிறகு விடும் நத்தைகளும் சாகலாம். துருநிறத்தில், வால் மூன்று முனையாகப் பிரிந்த சில மில்லிமீட்டர் நீளத் தட்டைப்புழுவான பிளாட் வார்முக்கு லெவாமிசோல் என்ற மருந்து போடுவதுண்டு. அதற்கு முன் முடிந்தவரை சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் சாகும்போது அவை நஞ்சு கக்கும்.

பிரிசில் வார்ம் பெருகுகிறதா? தீனி அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள். அப்படியும் பிடிக்க வேண்டுமென்றால் இரவில் சிறு குழாய்க்குள் இறால் துண்டு வைத்தால் வந்து மாட்டும். வெறுங்கையால் தொடாதீர்கள், முள் ஏறிவிட்டால் தேய்க்காமல் டேப் ஒட்டி உரியுங்கள்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டவர்கள் கண்ணில் படும் சடலங்களை அள்ளிவிட்டு, அதே உப்பளவும் வெப்பமும் உள்ள நீரால் 25 முதல் 30 சதவீதம் மாற்றுங்கள். மருந்தை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனைப் புதிதாகப் போட்டு, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். அம்மோனியாவைக் காலை மாலை இருவேளையும் சோதியுங்கள். பூஜ்யத்துக்கு இறங்கும்வரை புது உயிர் எதையும் விடாதீர்கள். பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம், லேபிளோடு படம் எடுத்து பில்லுடன் வைத்திருங்கள்.