ஏழு குழி இரும்புப் பணியாரக்கல், எட்டு மாசம் பொழங்குன அனுபவம்

முதல்லயே சொல்லிடுறேன், பணியாரம் மட்டும் சுடறதுக்காக இத எழுதல. தட்டுல எத வச்சாலும் ரெண்டு வாய்க்கு மேல இறங்காத பிள்ளைங்களோட தெனமும் போராடுறவங்களுக்காக எழுதுறேன். எனக்கு ஆறு வயசுல ஒரு பொண்ணு, மூணு வயசுல ஒரு பையன்.

முன்ன ஆன்லைன்ல ஒரு நான்ஸ்டிக் சட்டி வாங்கியிருந்தேன், ஆறே மாசத்துல குழிக்குள்ள கோட்டிங் உரிஞ்சிருச்சு, பணியாரத்துல கருப்பா துகள் ஒட்டியிருந்தத பையன் வாய்ல வைக்கறதுக்கு முன்னாடி நல்லவேளையா பாத்துட்டேன், அன்னிக்கே அத தூக்கிப் போட்டுட்டு கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு பாத்திரக்கடைல இந்த வார்ப்பிரும்புக் கல்ல எடுத்தேன். 850 ரூபா. ரெண்டு கிலோவுக்கு மேல கனம்.

வாங்குன ஒடனே சுட முடியாது, பழக்கணும். மூணு நாள் வடிச்ச கஞ்சித்தண்ணி ஊத்தி வச்சு, கழுவித் துடைச்சு, நல்லெண்ணெய் தடவி சிம்ல காய வச்சேன். அப்பவும் மொத ஈடு ஒட்டுச்சு. குழியில வெங்காயம் போட்டு வதக்கி எடுத்துட்டு ஊத்துனேன், அதுக்கப்புறம் குச்சிய ஓரத்துல வச்சாலே கழண்டு வருது.

இதே குழிக்கல்லு டென்மார்க், ஜப்பான், தாய்லாந்து, பர்மா, நெதர்லாந்துன்னு எத்தன ஊர்ல இருக்குன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுகிட்டேன். எங்க வீட்ல சாப்பாட்டையே மாத்துனது இதுதான்.

டென்மார்க்ல கிறிஸ்மஸ் சமயத்துல எப்லஸ்கீவர்னு சுடுவாங்க. ஆப்பிள் துண்டுன்னு அர்த்தம், ஆனா இப்ப அங்க பெரும்பாலும் ஆப்பிள் போடறதில்ல, ஜாமும் பொடிச்ச சக்கரையும் தொட்டுக்குறாங்க. நான் பழைய மாதிரி ஆப்பிளோடதான் சுடுறேன். அர கப் கோதும மாவு, அர கப் மைதா, ஒரு கப் மோர், ஒரு முட்ட, சிட்டிக சோடாப்பு, கொஞ்சம் ஏலக்காப்பொடி (அவங்களும் ஏலக்கா போடுவாங்க, எனக்கு அதுல ஒரு சந்தோஷம்). முட்ட வெள்ளக்கருவ தனியா நுரைக்க அடிச்சு கடைசில கலந்தா பஞ்சு மாதிரி வரும். குழியில முக்காவாசி ஊத்தி, நடுவுல சின்ன ஆப்பிள் துண்டு வச்சு, ஒரேயடியா திருப்பாம கொஞ்சங்கொஞ்சமா உருட்டிக்கிட்டே வரணும், அப்பதான் முழு உருண்ட கிடைக்கும். ஆப்பிள் வைக்கிற வேல பொண்ணோடது. மொத நாள் கடிச்சுப் பாத்துட்டு "அம்மா, ஆப்பிள் உள்ள தூங்குது"ன்னா. வெறும் ஆப்பிள நறுக்கிக் குடுத்தா தொடவே மாட்டா. சக்கரைக்கு பதிலா மேல லேசா தேன் விடுறேன், ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் குடுத்துறாதீங்க.

ஜப்பான்ல ஒசாகாங்கிற ஊரோட டகோயாகி இன்னொன்னு. அங்க உள்ள ஆக்டோபஸ் துண்டு வைப்பாங்க, நான் எறா வைக்கிறேன். எறா ஓட்ட வேகவச்சு வடிகட்டுன தண்ணி ரெண்டு கப், ஒரு கப் மாவு, ரெண்டு முட்ட, மாவு மோர் பதத்துக்கு தண்ணியா இருக்கணும். பொடியா நறுக்குன முட்டகோஸும் வெங்காயத்தாளும் நெறைய. ஜப்பான்ல உள்ள கொழகொழன்னு விடுவாங்க, பிள்ளைங்களுக்கு நல்லா வேகவச்சிருங்க. பையன் முட்டகோஸ் சாப்பிடுறது இந்த ஒரு ரூபத்துலதான்.

டிபன் பாக்ஸுக்குன்னா தாய்லாந்து கனோம் க்ரோக். அரிசி மாவு, தேங்காப்பால், உப்பு, கொஞ்சம் சக்கர, மேல ஸ்வீட்கார்ன். இத திருப்பவே கூடாது, மூடி வச்சு வேகவிட்டு, வெந்த ரெண்ட ஒண்ணோட ஒண்ணு சேத்து வச்சிரணும். பர்மாவுலயும் இப்படி ரெண்ட சேத்து வைக்கிற பலகாரம் இருக்கு, பேரே புருஷன் பொண்டாட்டி பலகாரம்னு.

எல்லாத்துக்கும் குழிக்கு கால் ஸ்பூன் எண்ணெய் போதும்.

கொறைன்னு பாத்தா, நடுக்குழி சீக்கிரம் கருகுது, அதனால அதுல கடைசியா ஊத்தி மொதல்ல எடுக்கணும். கைப்பிடி பயங்கரமா சுடும், பிள்ளைங்கள அடுப்புக்கிட்ட விட்டா கவனம். மூடி தரல, எவர்சில்வர் தட்ட வச்சு மூடுறேன். ஒரு தடவ ஈரத்தோட வச்சிட்டேன், மறுநாளே துரு, திரும்ப எண்ணெய் தடவி காயவச்சதுல சரியாச்சு.

வாங்கப் போறவங்க கடைல குழிய கையால தடவிப் பாருங்க, சொரசொரப்பு ரொம்ப இருந்தா வேற கல்லு கேளுங்க. கட்டவெரல் மொத கணு முழுசா இறங்குற ஆழம் இருக்கணும். அதுக்கும் கொறைஞ்சா பணியாரம் சுடலாம், எப்லஸ்கீவர் உருண்டையா வராது.