இந்தியா–வங்கதேசக் கரையோரக் கப்பல் சேவை: நூல் ஏற்றுமதியாளருக்கு எப்படி?

மேற்கு வங்க எல்லையை ஒட்டிய பெனாபோல் உள்ளிட்ட தரைவழிச் சுங்க நிலையங்கள் வழியாக இந்திய நூல் வருவதை 2025 ஏப்ரலில் வங்கதேசம் நிறுத்திவிட்டது. இனி கடல்தான் வழி. அதனால் 2015 ஜூன் 6 அன்று டாக்காவில் கையெழுத்தான கரையோரக் கப்பல் ஒப்பந்தத்தையும் அதன்கீழ் நடக்கும் சேவையையும் தமிழக நூற்பாலைகள் புதிதாக எடைபோட வேண்டியிருக்கிறது. முழுக் கன்டெய்னர் சரக்கும் நேரடிக் கப்பலில் இடமும் இருந்தால் தயங்காமல் ஏற்றலாம். ஆனால் இதை மட்டும் நம்பி, தேதி தவறக் கூடாத ஆர்டரைப் பிடிக்க வேண்டாம்.

பெரிய லாபம் நாட்கள்தான். முன்பு சரக்கு கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ போய், அங்கே கப்பல் மாறி, வங்கதேசத்தின் சிட்டகாங் துறைமுகம் சேர 30 முதல் 40 நாள் ஆகும். 2016 மார்ச்சில் சிட்டகாங்கிலிருந்து ஆந்திராவின் கிருஷ்ணபட்டினத்துக்கு 'ஹார்பர்-1' முதல் கப்பலாக வந்தபோது, அது 7–10 நாளாகக் குறையும் என்றது இந்திய அரசு. நூலுக்கு இது இரட்டை நன்மை. இடைத் துறைமுக யார்டில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும்போதுதான் கன்டெய்னர் உள்ளே வியர்த்து, மேலடுக்குப் பெட்டிகளில் இருக்கும் கோன்கள் (நூல் சுற்றிய கூம்புகள்) ஈரம் பிடிக்கின்றன.

பன்னாட்டுப் போக்குவரத்தில் ஓடும் தன் கப்பலை ஒரு நாடு எப்படி நடத்துகிறதோ, அப்படியே மற்ற நாட்டுக் கப்பலையும் நடத்த வேண்டும் என்கின்றன ஒப்பந்தத்தின் நடைமுறை விதிகள். அதாவது, கொடியை, அதாவது கப்பல் பதிவான நாட்டைப் பார்த்து துறைமுகத்தில் பாகுபாடு காட்டக் கூடாது. ஆனால் வங்கதேசக் கப்பல் சென்னையில் ஏற்றி விசாகப்பட்டினத்தில் இறக்கும் உரிமை இதில் அடங்காது. சுங்கத்துக்கும் இது ஏற்றுமதிதான். ஷிப்பிங் பில் (சுங்கத்துக்கான ஏற்றுமதி அறிக்கை) வழக்கம்போலப் போட வேண்டும். உள்நாட்டுக் கரையோரச் சரக்குக்கான தாள்கள் செல்லாது.

இந்தச் சேவைக்கென்று இரு நாடும் ஒப்புக்கொண்டவை ஆற்றிலும் கடலிலும் ஓடும் ஆர்.எஸ்.வி. (River Sea Vessel) வகைக் கப்பல்கள். இவற்றுக்கு ஆழம் குறைவாக இருந்தால் போதும். டாக்கா அருகே புரிகங்கைக் கரையிலுள்ள பாங்கான் கன்டெய்னர் முனையம் வரை போக முடிவதால் சிட்டகாங்–டாக்கா சாலை நெரிசல் மிச்சம். மறுபக்கம், இவை ஓடக்கூடிய அலை உயரத்துக்கு வரம்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் கொழும்பு போன்ற பெரிய துறைமுகங்களுக்குச் சரக்கை இணைக்கும் பெரிய ஃபீடர் கப்பல் கிளம்பும். ஆர்.எஸ்.வி. துறைமுகத்திலேயே காத்திருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் திரும்புகால் சரக்கு, அதாவது கப்பல் திரும்பி வரும்போது ஏற்றும் சரக்கு. வங்கதேச ஆயத்த ஆடைகள் மும்பை அருகிலுள்ள நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று 2025 மே மாதம் இந்தியா உத்தரவிட்டது. நூல் இறக்கிய கப்பல் சென்னைக்குத் திரும்பும்போது ஆடையை ஏற்ற முடியாது. காலிப் பயணத்தின் செலவு போகும் நூலின் சரக்குக் கட்டணத்தில்தான் ஏறும். கப்பலுக்கு உரிமை கொடுத்துவிட்டு, சரக்குக்கு வேறொரு உத்தரவில் கதவை அடைப்பது இந்த ஒப்பந்தத்தையே முடக்குகிறது. அடுத்த பேச்சுவார்த்தையில் கப்பல் செல்லும் துறைமுகப் பட்டியலும் சரக்கு அனுமதிக்கப்படும் துறைமுகப் பட்டியலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

புக்கிங் போடுமுன் கப்பலின் கொடியைக் கேளுங்கள். வங்கதேசத்தின் 2019 கொடிக் கப்பல் பாதுகாப்புச் சட்டம் கடல்வழிச் சரக்கில் 50 சதவீதத்தை அந்நாட்டுக் கப்பல்களுக்கு ஒதுக்குகிறது. வேற்றுக் கொடி என்றால் விலக்குச் சான்று தேவையா, யார் வாங்குவது என்பதை சிட்டகாங் ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய எல்.சி.யில் (வாங்குபவரின் வங்கி தரும் பணஉறுதிக் கடிதத்தில்) 'பெனாபோல், லாரி வழி' என்று இருந்தால் சரக்கு ஆலையை விட்டுக் கிளம்புமுன் திருத்தம் வாங்க வேண்டும். இல்லையேல் வங்கி ஆவணங்களைத் திருப்பும். ஏற்றும் இடம் 'இந்தியாவின் ஏதேனும் ஒரு துறைமுகம்' என்றும், டிரான்ஷிப்மென்ட் (வழியில் கப்பல் மாற்றுவது) அனுமதி உண்டு என்றும் போடச் சொல்லுங்கள். நேரடிக் கப்பல் தவறினால் கொழும்பு வழி அனுப்ப இது உதவும். அப்படி அனுப்பும்போது சென்னையிலிருந்து சிட்டகாங் வரை ஒரே பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) எடுங்கள். சாஃப்டா (தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம்) சுங்கவரிச் சலுகை கேட்கும் சரக்கு என்றால், இடைநாட்டுச் சந்தைக்குள் அது நுழையவில்லை என்று காட்ட அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.