சுகவாழ்வு மையம்: ஆட்களுக்கு ஐந்து, கட்டடத்துக்கு ரெண்டு

கூட்டிக் கழித்தால் ஐந்துக்கு மூன்றரை போடுவேன்.

எங்கள் மேற்கு மலையடிவாரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. அதற்குள் இருக்கிற சுகவாழ்வு மையம் பற்றித்தான் சொல்கிறேன். வெள்ளைப்படுதல், பிறப்புறுப்பில் புண், அரிப்பு, பால்வினை நோய் எல்லாவற்றுக்கும் காசில்லாமல் பார்க்கிற இடம். குறையும் சொல்லப்போகிறேன், அதனால் ஆஸ்பத்திரி பேர் வேண்டாம்.

நான் கடைக்காரி. மலையிலிருந்து பளியர் பழங்குடிச் சனம் இறக்கிக்கொண்டு வரும் தேன், கடுக்காய், கல்பாசி, நெல்லி வாங்கி மதுரை கீழமாசி வீதிக்கு அனுப்புகிறேன். கடைக்கு வரும் பெண்கள் விலை பேசி முடித்த பிறகுதான் உடம்பைப் பற்றி வாய் திறப்பார்கள், அதுவும் தராசைப் பார்த்துக்கொண்டே. அப்படி அடிவயிற்று வலி என்று சொன்ன ஒருத்தியோடுதான் போனேன். எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "மத்த பிள்ளைகளும் போகட்டும்க்கா, எழுதுங்க. பேரு மட்டும் வேணாம்" என்றாள்.

அதற்கு முன்னால் அவள் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். சீட்டு எழுதுகிற பெண், கூடமே கேட்க, "அந்த மலைக்காரப் பொம்பள, வெள்ளைப்படுற கேஸ், உள்ள வா" என்று கூப்பிட்டிருக்கிறாள். ஸ்கேன், ஊசி, பில். வீட்டுக்காரரைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. கடைசியில், சரியாகாவிட்டால் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வேறு. முப்பது வயசு ஆகாத பிள்ளைக்கு! தேன் காசு போனதுதான் மிச்சம், வலி போகவில்லை.

சுகவாழ்வு மையத்தில் ஆலோசகர் அம்மா முதலில் கேட்டது, "சாப்பிட்டீகளா?" அடுத்து என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். கூட்டிக்கொண்டு வந்தவளையே வெளியே அனுப்புகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. "பேசும்போது அக்கா இருக்கட்டும், பரிசோதனைக்கு வேணாம்னு சொல்றாக. வாங்க." யார் உள்ளே இருக்கலாம், எதுவரைக்கும் இருக்கலாம் என்று அவளையே முடிவு செய்ய விட்டிருக்கிறார். இந்த ஒன்றுக்காகவே ஐந்து நட்சத்திரம்.

கேள்விகளும் அப்படித்தான். "எத்தனை பேரோடு பழக்கம்" என்று போலீஸ் விசாரணை இல்லை. காட்டுக்குப் போனால் எத்தனை நாள் தங்குவீர்கள், தண்ணீர் எங்கே, மாத விலக்குக்குத் துணி எங்கே காயப்போடுவீர்கள் என்று போய், மெல்ல விஷயத்துக்கு வந்தார். கர்ப்பமா என்று சிறுநீரில் பார்த்துவிட்டுத்தான் மருந்து கொடுத்தார்கள். மஞ்சள் உறை, 14 நாள் மாத்திரை. (கோளாறுக்கு ஒரு நிறமாக மருந்து உறை வைத்திருக்கிறார்கள்.) "இதுல ஒரு மாத்திரை வெயில் பட்டா தோலைச் சிவக்க வைக்கும். காட்டுக்குப் போனா மூடிக்கிட்டுப் போங்க. வாயெல்லாம் இரும்பு மாதிரி கசக்கும், அதுக்காக நிறுத்திடாதீக." மூன்றாம் நாளே கசந்திருக்கிறது. முன்னமே சொல்லியிருந்ததால் விடாமல் சாப்பிட்டாள்.

பக்கத்து அறை நம்பிக்கை மையம். எச்ஐவி பார்க்கலாமா, வேண்டாம் என்றாலும் வைத்தியம் நிற்காது என்று சொல்லிக் கேட்டார்கள். சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருப்பது வேறு, ஒரு மலைப்பெண்ணிடம் நிதானமாக அதைச் சொல்வது வேறு. இங்கே சொன்னார்கள். முடிவு அவள் கையில்தான் போனது. என்ன என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

வீட்டுக்காரர் கதைதான் பெரிசு. இது இரண்டு பேருக்கும் சேர்ந்து பார்க்க வேண்டிய வியாதி. பெண்டாட்டிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மறுபடியும் தொற்றும். அந்த மனுசன் வந்தார், ஆனால் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றவர் நின்றவர்தான். லேப்காரர் ஒரு தம்பி எழுந்து போனார். டீ வாங்கிக் கொடுத்து, இந்த வருசம் கொம்புத்தேன் எப்படி, மழை எங்கே பெய்தது என்று ஆரம்பித்தார். டீ கிளாஸ் காலியாகும்போது இரண்டு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். சாம்பல் நிற உறையை அங்கேயே பிரித்து, தண்ணீர் கொடுத்து, விழுங்க வைத்து அனுப்பினார்கள். தம்பி அறையில்தான் பேச்சு, பெண்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

என் நாத்தனார் மகள் ஆஸ்திரேலியாவில் டார்வினில் நர்ஸ். இதைச் சொன்னதும், அங்கே ஆதிக்குடிகளுக்கு நடக்கும் சிகிச்சையில் இதைத்தான் பாடமாகவே வைத்திருக்கிறோம் என்றாள். பெண்கள் சமாச்சாரம் பெண்களோடு, ஆண்கள் சமாச்சாரம் ஆண்களோடு. சிகிச்சையில் பத்திரமாக உணர்ந்தோமா என்று சொல்ல வேண்டியது நோயாளி, நர்ஸ் அல்ல. நியூசிலாந்து மாவோரி நர்சுகள் கொண்டுவந்த பார்வையாம் அது. சிட்னி ரெட்ஃபெர்னில் 1971-லேயே ஆதிக்குடி மக்கள் தங்களுக்கென்று சொந்தமாக மருத்துவ நிலையம் தொடங்கிவிட்டார்களாம். அப்படி இருந்தும் 2011-ல் வட குவீன்ஸ்லாந்தில் தொடங்கிய சிபிலிஸ் பரவல் மற்ற மாநிலங்களுக்கும் போனது என்றாள். எட்டாக்கை ஊர்கள், ஆள் பற்றாக்குறை. கேட்கக் கேட்க நம்ம மலை மாதிரியே இருந்தது.

அங்கே அந்தந்தச் சனத்திலிருந்தே சுகாதாரப் பணியாளர் உட்காருகிறார் என்றாளே, அதுதான் இங்கே இல்லாதது. ஒரு பளியர் பெண்ணுக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி போட்டால் நான் எதற்குக் கூடப் போக வேண்டும்? எத்தனை நாளைக்குத்தான் தேன் கடைக்காரி துணைக்கு வருவாள்?

மற்ற குறைகள்: அறை வாசலும் ஓபி சீட்டு வரிசையும் ஒரே இடம், உள்ளே போகிறவர் முகத்தை நூறு பேர் பார்க்கிறார்கள். பரிசோதனைக் கட்டிலைச் சுற்றிய திரை பாதி வளையத்தில்தான் தொங்குகிறது. ஆலோசகர் அம்மா தன் துப்பட்டாவைச் செருகி மறைத்தார். பெண் டாக்டர் எல்லா நாளும் இல்லை. பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி வருகிறது, இதற்கு மட்டும் மக்கள்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. மறுபரிசோதனைக்கு வரச் சொல்லும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போச்சு. பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. பஸ் வர வேண்டுமே!

போகிறவர்கள் காலை ஓபி நேரத்திலேயே போய்விடுங்கள். ஆலோசகர் பயிற்சிக்குப் போகும் நாளில் அறை பூட்டியிருக்கும், முதலில் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் எச்ஐவி உதவி எண் 1097-க்குப் பேசலாம், காசு கிடையாது.