காப்பிக்கொட்டையும் வேலூர் வெயிலும்: மூன்று வருட அனுபவம்

காட்பாடியில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற வீடு எங்களுடையது. ஏப்ரல் பிறந்துவிட்டால் சாயங்காலம் நாலு மணிக்குக் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான். இந்த வெயிலூரில் உட்கார்ந்துகொண்டு, வறுத்த காப்பிக்கொட்டையை வாங்கி வைத்து அன்றன்றைக்கு அரைத்துக் குடிப்பது என்று மூன்று வருடத்துக்கு முன் ஆரம்பித்தேன். அதுவரை கடையிலேயே கால் கிலோ தூளாக அரைத்து வாங்குவதுதான் பழக்கம். முதல் நாலு நாள் டிகாஷன் வாசல் வரை மணக்கும், பத்தாம் நாள் வெறும் கசப்பு. அரைத்துவிட்டால் காற்று படுகிற பரப்பு பல மடங்கு கூடிவிடுவதால் தூள் சீக்கிரம் ஓய்ந்துபோகும், கொட்டையாக இருந்தால் தாக்குப்பிடிக்கும் என்றார்கள். தாக்குப்பிடிக்கும்தான், வைக்கிற மாதிரி வைத்தால்.

முதலில் எவர்சில்வர் டப்பாவில் போட்டு அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்தேன், எடுக்கச் சுலபம் என்று. மே மாதம் இரண்டே வாரத்தில் கொட்டையெல்லாம் எண்ணெய் கசிந்து மினுமினுக்க ஆரம்பித்தது, திறந்தால் பழைய முறுக்கு டப்பா மாதிரி ஒரு சிக்கு வாடை. கருக வறுத்த கொட்டை வேறு, அதில் எண்ணெய் சீக்கிரமே மேலே வந்துவிடும். சூடும் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்த டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அதிலேயே புதுக் கொட்டையையும் கொட்டினேன் என்பது தனிக் கூத்து.

அப்புறம் ஃபிரிட்ஜ். அம்மா தினமும் மல்லிப்பூவை அதில்தான் வைப்பார், கூடவே மீந்த கருவாட்டுக் குழம்பும் இருக்கும். மூன்றாம் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாடா இது, காப்பியில பூ வாசனை அடிக்குது?" என்றார். குழம்பு வாசனை என்று சொல்லாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். காப்பிக்கொட்டை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். தவிர, குளிர்ந்த டப்பாவை நம் ஊர்ச் சூட்டில் தினமும் எடுத்துத் திறந்து திரும்ப வைத்தால், திறக்கிற ஒவ்வொரு தடவையும் கொட்டைமேல் ஈரம் படியும்.

மூன்றாவதாக, மூடியை அமுக்கிக் காற்றை வெளியேற்றுகிற டப்பா ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். எட்டு மாதம் ஒழுங்காக இருந்தது. பிறகு காலையில் அமுக்கி வைத்தால் மத்தியானத்துக்குள் பொத்தான் மேலே எழும்பிவிடும். இங்கே ஒரு விஷயம்: வறுத்த கொட்டை சில நாளைக்குத் தானாகவே கரியமில வாயுவை விட்டுக்கொண்டிருக்கும், அதனால் புதுக் கொட்டை போட்ட வாரம் பொத்தான் எழும்பினால் டப்பாவைக் குறை சொல்லக் கூடாது. ஒரு தடவை சாதா ஜிப் கவரில் போட்டு மூடியது காலையில் பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. கடைப் பையில் சின்னப் பொத்தான் மாதிரி ஒரு ஓட்டை இருக்குமே, அது இதற்குத்தான், உள்ளே இருக்கிற வாயு போகும், வெளிக்காற்று வராது. ஆனால் என் டப்பா மாதப் பழசான கொட்டைக்கும் எழும்பியது. ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டது, தனி ரப்பர் கிடைக்காது, புதுசு வாங்குங்கள் என்றார்கள். வாங்கவில்லை.

இப்போது இரண்டு வருடமாக ஒரே முறைதான். மாதம் அரைக் கிலோ, அதற்கு மேல் வாங்குவதே இல்லை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி. நாலைந்து நாள் கடைப் பையிலேயே இருக்கும். அப்புறம் நன்றாகக் காய்ந்த நாலு ஜாம் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி இறுக மூடி, மூன்றை ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். ஒன்று மட்டும் வெளியே, ஹால் அலமாரியின் அடித்தட்டில், வெயில் எட்டாத மூலையில். அது தீரும் நேரத்தில் ராத்திரி அடுத்ததை எடுத்து வைத்து, விடியும் வரை மூடியைத் தொடுவதில்லை. ஒரு தடவை அவசரத்தில் உடனே திறந்தேன், கொட்டை மேலெல்லாம் முத்து முத்தாக நீர், மிக்ஸி ஜாரில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு அரைபடவே இல்லை. வெளியே வந்த பாட்டில் திரும்ப ஃப்ரீசருக்குள் போகாது. "காப்பிக்கொட்டைக்கு இந்த ராஜ உபசாரமா, பச்சைப் பட்டாணி வைக்க இடமில்லை" என்று அம்மாவுக்குக் கோபம்.

பலன் தெரியும் இடம் ஃபில்டர். கொதிநீர் ஊற்றியதும் தூள் குபுகுபுவென்று நுரைத்து எழும்பினால் கொட்டையில் இன்னும் உயிர் இருக்கிறது. முன்பு மாதக் கடைசியில் சேறு மாதிரி அப்படியே அமுங்கிக் கிடக்கும். இப்போது நாலாவது பாட்டிலிலும் நுரை வருகிறது, முதல் பாட்டில் அளவுக்கு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தீராத தொல்லை மின்வெட்டு. மே மாதம் கரண்ட் போய் நாலைந்து மணி நேரம் வராவிட்டால் ஃப்ரீசர் இளகிவிடும், பாட்டிலைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். மூடி இறுக்கமாக இருந்ததால் இதுவரை உள்ளே ஈரம் போனதில்லை, ஆனாலும் கோடையில் இரண்டு பாட்டிலுக்கு மேல் ஃப்ரீசரில் வைப்பதில்லை, கால் கிலோவாக இரண்டு தடவை கடைக்குப் போய்விடுகிறேன். அம்மாவுக்குச் சிக்கரி இல்லாமல் இறங்காது, அதைத் தனி பாட்டிலில் தூளாகவே வைத்து டிகாஷன் போடும்போது மட்டும் கலக்கிறோம். அது கொட்டையைவிட மோசம், போன வாரம் யாரோ ஈரக் கரண்டியை விட்டிருக்கிறார்கள், கல்லாக இறுகிவிட்டது, கத்தியால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.